பந்தை அடிக்காதவரைப் பாருங்கள்

வாசகர்களின் விளையாட்டுக் கேள்விகளுக்கு இந்த மாதம் நான் பதில் சொல்கிறேன். சென்னையில் ஒரு பெண்கள் பள்ளியில் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தேன். அதில் 19 ஆண்டுகள் ஒரே தோழியுடன் இரட்டையர் டென்னிஸ் ஆடினேன். மகளிர் இரட்டையரைப் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நானும் மனைவியும் நுங்கம்பாக்கத்துக்கு டென்னிஸ் பார்க்கப் போனோம். ஒற்றையர் ஆட்டம் முடிந்ததும் பாதிக் கூட்டம் எழுந்துவிட்டது. நெரிசலுக்கு முன்பே கிளம்பலாம் என்று நாங்களும் வந்துவிட்டோம். இரட்டையர் ஆட்டத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?
– வாசகர், கோடம்பாக்கம்

கிளம்பியது உங்கள் விருப்பம். எதை விட்டுவிட்டுக் கிளம்பினீர்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஆண்களுக்கான சென்னை ஓபன் 2017-உடன் புனேவுக்குப் போய்விட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2022 செப்டம்பரில், மகளிர் டென்னிஸ் சங்கத்தின் போட்டி முதன்முறையாகச் சென்னைக்கு வந்தது. ஒற்றையரில் 17 வயது செக் நாட்டுப் பெண் லிண்டா ஃப்ருவிர்தோவா, போலந்தின் மக்தா லினெட்டை மூன்று செட்களில் வென்றதைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே வாரம் இரட்டையரில் கோப்பையை வாங்கியவர்கள் யார் என்று கேட்டால், மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் தெருவிலேயே ஒருவருக்கும் தெரியாது. எனக்கு அது பொறுக்கவில்லை.

அதற்குச் சரியாக ஓராண்டு முன்பு, நியூயார்க். அமெரிக்க ஓபன் மகளிர் இரட்டையர் அரையிறுதி. ஒரு பக்கம் கனடாவின் கேப்ரியேலா டப்ரோவ்ஸ்கியும் பிரேசிலின் லூயிசா ஸ்டெஃபானியும். எதிரே கோகோ காஃபும் கேட்டி மெக்னாலியும். முதல் செட்டின் டைபிரேக்கரில் (6-6 ஆனால் செட்டை முடிக்க ஆடும் கேம்) ஓடிய ஓட்டத்தில் ஸ்டெஃபானியின் முழங்கால் மடங்கித் தசைநார் கிழிந்துவிட்டது. சக்கர நாற்காலியில் வைத்துத்தான் வெளியே கொண்டுபோனார்கள். அந்த ஆண்டு ஜூலையில்தான் லாரா பிகோசியுடன் சேர்ந்து டோக்கியோவில் வெண்கலம் வென்று, பிரேசிலுக்கு ஒலிம்பிக் டென்னிஸில் முதல் பதக்கத்தை வாங்கித் தந்திருந்தார்.

பிறகு அறுவை சிகிச்சை, ஓராண்டு ஓய்வு. மீண்டும் போட்டிக் களத்தில் அவர் காலெடுத்து வைத்தது நம் நுங்கம்பாக்கத்தில். கூட நின்றவர் அதே டப்ரோவ்ஸ்கி. இறுதியில் அன்னா பிளின்கோவா, நடேலா ஸலாமிட்ஸே இணையை 6-1, 6-2 என்று வென்றார்கள்.

ஸ்கோரை மட்டும் படித்தால் ஒருதலையான ஆட்டம் என்று தோன்றும். மேல் வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. இரட்டையரில் ஒருத்தி பின்னால் ஓடும்போது வலையருகே நிற்பவள் திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்த்த அந்த நொடியில் எதிரணி பந்தை அவள் காலடியிலேயே போட்டுவிடும். அவள் எதிரே உள்ளவர்களின் மட்டையையே பார்த்துக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் தோழி பந்தை எடுத்துவிடுவாள் என்று நம்பி நிற்க வேண்டும். ஓராண்டுக்கு முன் மடங்கிய ஸ்டெஃபானியின் கால் அது. டப்ரோவ்ஸ்கி அதைக் கண்ணால் பார்த்தவர். அவர் திரும்பாமல் நின்றதைப் பார்க்கத்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

இந்த டப்ரோவ்ஸ்கி நமக்கு அந்நியரும் அல்லர். 2017 பிரெஞ்சு ஓபன் கலப்பு இரட்டையர் பட்டத்தை நம் ரோகன் போபண்ணாவுடன் சேர்ந்து வென்றவர்.

அடுத்த முறை ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். பந்தைத் தொடராதீர்கள். களத்தில் நிற்கும் நால்வரில் அந்த நேரத்தில் பந்தை அடிக்காத மூவரைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் உங்கள் மனைவி உங்களைக் கிளம்ப விடமாட்டார்.

இருவருக்கும் நடுவில் வரும் பந்தை யார் எடுக்க வேண்டும்? எங்கள் குடியிருப்பில் சாயங்காலம் ஆடும் பெண்களுக்குள் வருத்தம் வருவதே இதனால்தான்.
– வாசகி, அண்ணா நகர்

உலகத்தில் இரட்டையர் ஆடும் எல்லோருக்கும் இதனால்தான் வருத்தம் வருகிறது, அம்மா.

ஒற்றையர் களத்தின் அகலம் 27 அடி. இரட்டையருக்கு இரு ஓரங்களிலும் நாலரை அடி சேர்ந்து 36 அடி. ஆளுக்குப் பதினெட்டு அடி. ஒற்றையரில் ஒருத்தி காக்கும் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். அப்படியிருந்தும் ஓட்டை விழுவது ஓரத்தில் இல்லை, நடுவில். வலையும் நடுவில்தான் தாழ்வு: கம்பத்தருகே மூன்றரை அடி, நடுவே மூன்றடி. ஆகவே எதிரணிக்கு அடிக்க எளிதான இடமும், நம் இருவருக்கும் யார் பந்து என்று புரியாத இடமும் ஒன்றாகிவிடுகின்றன. அனுபவசாலிகள் நெருக்கடியில் நடுவே அடிப்பது இதனால்தான்.

வழக்கமாகச் சொல்லப்படுவது: நடுவில் யாருக்கு ஃபோர்ஹேண்ட், அதாவது மட்டை பிடித்த கைப் பக்கத்து அடி, வருகிறதோ அவர் எடுக்க வேண்டும். இருவரும் வலக்கைக்காரர்கள் என்றால் இடப்பக்கம் நிற்பவர். ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் இருந்தால், எட்டக்கூடிய பந்து முன்னால் இருப்பவருடையது. இவை எல்லாவற்றையும்விட எனக்கு நம்பிக்கை ஒரு சொல்லில்தான்: “நான்!” மட்டையைத் தூக்கும் முன்பே, பக்கத்துக் களத்துக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். நம் பெண்கள் ஆட்டத்தில் தயங்குவது இந்த ஒரு சொல்லுக்குத்தான். பள்ளியில் நான் முதல் வாரம் மட்டையையே கொடுக்க மாட்டேன். இருவரை நிறுத்தி நடுவில் பந்தை உருட்டிவிட்டு, இந்தச் சொல்லை மட்டும் கத்தச் சொல்வேன்.

சர்வீஸ் போட்ட பந்து, எதிரணியில் வலையருகே நிற்பவர் மீது நேராகப் பட்டால் யாருக்குப் புள்ளி?
– வாசகர், தாம்பரம்

சர்வீஸ் போட்டவர்களுக்கு. தன் தோழி மீதே பட்டுவிட்டால் அது ஃபால்ட், அதாவது தவறிய சர்வீஸ்.

சர்வீஸுக்கு முன் வலையருகே நிற்பவர் முதுகுக்குப் பின்னால் விரல்களைக் காட்டுகிறாரே, அது என்ன?
– வாசகி, வளசரவாக்கம்

பின்னால் இருக்கும் தோழிக்குச் சொல்லும் செய்தி. சர்வீஸை எந்தப் பக்கம் போடு, அதன் பிறகு நான் இங்கேயே நிற்பேனா குறுக்கே பாய்வேனா என்ற இரண்டும் அதில் இருக்கும். குறியீடு ஒவ்வொரு இணைக்கும் வேறு. மூடிய கை என்றால் நிற்கிறேன், விரித்த கை என்றால் போகிறேன் என்பது பரவலாக இருக்கும் முறை. நாங்களும் அதையே வைத்துக்கொண்டோம். சில இணைகள் விரலை நம்பாமல், ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் பந்தால் வாயை மறைத்துக்கொண்டு பேசிக்கொள்கின்றன.

இதில் ஒரு நுட்பம் உண்டு. போகிறேன் என்று காட்டிவிட்டால் போயே தீர வேண்டும். அவள் விட்டுவிட்டு வந்த பாதியைக் காக்கப் பின்னால் இருப்பவள் சர்வீஸ் போட்ட கையோடு ஓடிவிட்டிருப்பாள். கடைசி நொடியில் மனம் மாறி நின்றுவிட்டால் இருவரும் ஒரே பக்கம். மறுபக்கம் திறந்த வீடு.

டீச்சர், சென்னைப் போட்டியின் இரட்டையரில் 40-40 ஆனதும் ஒரே புள்ளியில் கேமை முடித்துவிடுகிறார்கள். மூன்றாவது செட்டும் இல்லை, பத்துப் புள்ளி ஆட்டம்தான். டிவியில் விம்பிள்டன் இரட்டையர் பார்த்தால் அப்படி இல்லையே?
– கல்லூரி மாணவி, பெரம்பூர்

நன்றாகக் கவனித்திருக்கிறாய். கிராண்ட்ஸ்லாம் என்னும் நான்கு பெரும் போட்டிகளின் மகளிர் இரட்டையரில் டியூஸ், அட்வான்டேஜ் எல்லாம் உண்டு; 40-40 ஆனபின் இரண்டு புள்ளி முன்னால் போனால்தான் கேம். மூன்றாவது செட்டும் முழுதாக ஆடுவார்கள். சென்னையில் நடந்தது போன்ற டூர் போட்டிகளில் 40-40 வந்தால் அடுத்த புள்ளிதான் முடிவு. சர்வீஸை எந்தப் பக்கத்திலிருந்து எதிர்கொள்வது என்று எதிர்கொள்ளும் அணி தேர்ந்துகொள்ளும். ஆளுக்கொரு செட் ஆகிவிட்டால் பத்துப் புள்ளி சூப்பர் டைபிரேக். இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும்.

ஆட்டம் எவ்வளவு நேரம் போகும் என்று ஓரளவு கணிக்கவும், ஒற்றையர் ஆடுபவர்களும் சோர்ந்துபோகாமல் இரட்டையருக்குப் பெயர் கொடுக்கவும் இது உதவுகிறது. சென்னையில் 2025 போட்டியை அக்டோபர் கடைசியில், வடகிழக்குப் பருவமழை நேரத்தில் வைத்தார்கள். அந்தப் பருவத்தில் ஒரு நாள் மழை அடித்தால், மறுநாள் ஒரே பெண் ஒற்றையரையும் இரட்டையரையும் அடுத்தடுத்து ஆட வேண்டி வரும். அந்த இடத்தில் இந்த முறையின் அருமை தெரியும்.

ஆனாலும் என் மனதுக்கு முழு செட்தான் பிடிக்கும். பின்தங்கிய இணை பேசிப் பேசித் தன்னைச் சரிசெய்துகொள்ள அதில் இடம் இருக்கிறது. 2015 விம்பிள்டன் இறுதியை எடுத்துக்கொள். சானியா மிர்சாவும் மார்ட்டினா ஹிங்கிஸும் ரஷ்யாவின் மகரோவா, வெஸ்னினா இணையிடம் முதல் செட்டை 5-7 என்று விட்டார்கள். இரண்டாவதை டைபிரேக்கரில் பிடித்தார்கள். மூன்றாவது செட்டில் 2-5. அங்கிருந்து ஒவ்வொரு கேமாக எடுத்து 5-5. இருட்டிக்கொண்டு வந்ததால் ஆட்டத்தை நிறுத்திக் கூரையை மூடினார்கள். விளக்கு வெளிச்சத்தில் திரும்பி வந்து அடுத்த இரண்டு கேமையும் எடுத்து 7-5. மகளிர் இரட்டையரில் கிராண்ட்ஸ்லாம் வென்ற முதல் இந்தியப் பெண்ணானார் சானியா. ஹிங்கிஸுக்கு விம்பிள்டன் பட்டம் 17 ஆண்டுகள் கழித்துத் திரும்பக் கிடைத்தது. பத்துப் புள்ளி ஆட்டமாக இருந்திருந்தால் அந்த 2-5 என்ற பள்ளமே இருந்திருக்காது. அதிலிருந்து ஏறி வந்ததைப் பார்க்கும் பாக்கியமும் எனக்கு இருந்திருக்காது.

என் மகளுக்கு 12 வயது. நான்கு ஆண்டுகளாக டென்னிஸ் பயிற்சிக்குப் போகிறாள். “உயரம் போதாது, ஒற்றையரில் தேறமாட்டாள், இரட்டையருக்கு மாற்றிவிடுங்கள்” என்று பயிற்சியாளர் சொல்கிறார். அவள் இரவெல்லாம் அழுகிறாள். என்ன செய்வது?
– ஒரு தாய், அம்பத்தூர்

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்தப் பயிற்சியாளர் மேல் எனக்குக் கோபம் வருகிறது, இரண்டு காரணங்களுக்காக.

முதலாவது, பன்னிரண்டு வயதில் ஒரு பெண் எவ்வளவு வளர்வாள் என்று யாரும் தீர்ப்பு எழுத முடியாது. வளராமலே போனாலும்தான் என்ன? இத்தாலியின் ஜாஸ்மின் பாவ்லினியின் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். அவர் 2024-இல் பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன் இரண்டிலும் ஒற்றையர் இறுதிவரை வந்தார். அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், ஏறக்குறைய தன் உயரமே உள்ள சாரா எர்ரானியுடன் இரட்டையர் தங்கமும் வென்றார். அவர்கள் ஆடும் காட்சிகளைத் தேடி எடுத்து உங்கள் மகளோடு உட்கார்ந்து பாருங்கள்.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் பெரிது. ஒற்றையருக்கு ஆகாதவர்களை அனுப்பிவைக்கும் இடமாக இரட்டையரை நினைக்கும் பழக்கம் நம் ஊரில் வேரோடிப்போயிருக்கிறது. நான் ஆடிய காலத்தில் ஒரு போட்டியில் எங்கள் இரட்டையர் இறுதி ஆட்டத்தை, பரிசளிப்பு விழாவுக்கு நாற்காலி போட வேண்டும் என்று ஓரமாக இருந்த களத்துக்கு மாற்றினார்கள். நாங்கள் வென்றபோது நடுவரையும் என் தம்பியையும் தவிர அங்கே யாரும் இல்லை. அந்த நினைப்புக்கு உங்கள் மகளும் பலியாக வேண்டாம். இரட்டையர் ஒரு தனிக் கலை. அதற்குத் தண்டனையாகப் போகக்கூடாது, ஆசையாகப் போக வேண்டும்.

இந்த வயதில் இரண்டையும் ஆடட்டும். சானியா வென்ற முதல் டூர் பட்டமே 2004-இல் ஹைதராபாத்தில் லீசல் ஹூபருடன் சேர்ந்து பெற்ற இரட்டையர் பட்டம்தான். அதற்காக ஒற்றையரை விட்டுவிடவில்லை. 2007-இல் உலகத் தரவரிசையில் 27-ஆம் இடம்வரை போனார். மணிக்கட்டு தொல்லை கொடுத்த பிறகு, 2013-இல்தான் இரட்டையர் மட்டும் போதும் என்று அவரே முடிவெடுத்தார். இரண்டு ஆண்டில் இரட்டையரில் உலகின் முதலிடம். செக் வீராங்கனை பார்போரா கிரெய்சிகோவா வந்தது எதிர்த்திசையில். 2018-இல் இரட்டையரில் இரண்டு கிராண்ட்ஸ்லாம் வென்றபோது அவரை இரட்டையர்க்காரி என்றுதான் சொன்னார்கள். பிறகு 2021 பிரெஞ்சு ஓபனிலும் 2024 விம்பிள்டனிலும் ஒற்றையர் பட்டம் அவருக்குத்தான். வலையருகே நின்று பழகிய கை ஒற்றையரிலும் உதவியது.

வேறு பயிற்சியாளரைத் தேடுங்கள். அதற்கு முன் இன்றிரவு மகளிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: அழுகை வருவது ஆட்டத்தின் மேல் ஆசை இருப்பதால்தான் என்று டீச்சர் சொன்னார் என்று சொல்லுங்கள்.

தமிழ்நாட்டுப் பெண் யாராவது இருக்கிறார்களா, அல்லது நாம் கைதட்டுவதற்கு மட்டும்தானா?
– வாசகர், திருவொற்றியூர்

இருக்கிறார்கள். கோவையின் நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓபனில் முதல் சுற்றை வென்றார். தொழில்முறை ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொண்ட 1968-க்குப் பிறகான ஓபன் யுகத்தில் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் வென்ற முதல் இந்தியப் பெண் அவர். அதே ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் மகேஷ் பூபதியுடன் கலப்பு இரட்டையர் வெண்கலமும் வாங்கினார். இப்போது அதே கோவையிலிருந்து மாயா ராஜேஸ்வரன் ரேவதி வந்திருக்கிறார். 2025 பிப்ரவரியில், 15 வயதில், மும்பை போட்டியில் அரையிறுதிவரை போனார். சென்னையிலிருந்து அப்படி ஒரு பெண் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. களங்கள் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு வந்ததும் மட்டையைப் பரணில் போடச் சொல்லும் வீடுகளும் இருக்கின்றன.

எனக்கு 47 வயது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. முன்பு வாரம் இரண்டு நாள் தோழிகளுடன் இரட்டையர் ஆடுவேன். இனி மட்டையைத் தொடலாமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது.
– வாசகி, அடையாறு

கேட்டுவிட்டீர்களே, அதுவே பெரிது. விடை சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர். அவரிடம் போகும்போது, பந்தை மேலே எறியும் கை எது, அடிக்கும் கை எது, அறுவை சிகிச்சை எந்தப் பக்கம் என்று மூன்றையும் சொல்லுங்கள். டென்னிஸ் ஆடலாமா என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

முதல் பதிலில் டப்ரோவ்ஸ்கியைப் பற்றி எழுதினேன். மீதியை உங்களுக்காக வைத்திருந்தேன். 2023-இல் அவரே தன் மார்பில் ஒரு கட்டியைக் கண்டார். பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். 2024-இல் வீராங்கனைகளுக்கான மருத்துவப் பரிசோதனையின்போது மறுபடி பார்க்கச் சொன்னதில், ஏப்ரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து களத்துக்குத் திரும்பினார். ஜூலையில் எரின் ரவுட்லிஃபுடன் விம்பிள்டன் இறுதிவரை வந்தார். பாரிஸ் ஒலிம்பிக்கில் கலப்பு இரட்டையரில் வெண்கலம். ஆண்டு இறுதிப் போட்டியில் ரவுட்லிஃபுடன் பட்டம். இவ்வளவும் முடிந்த பிறகு, டிசம்பர் 31 அன்றுதான் தனக்கு வந்த நோயை உலகத்துக்குச் சொன்னார்.

அவர் உடல் வேறு, உங்கள் உடல் வேறு. ஆனால் இரட்டையரில் ஒரு வசதி உண்டு. முதல் மாதம் நீங்கள் வலையருகே மட்டும் நில்லுங்கள், சர்வீஸை மெதுவாகப் போடுங்கள், பின்னால் போகும் பந்தை எல்லாம் தோழி எடுக்கட்டும். உங்கள் தோழிகளிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். அவர்கள் உங்களைக் கேட்கத் தயங்கிக்கொண்டிருப்பார்கள். மருத்துவர் சம்மதித்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அடையாறுக்கு நானே வருகிறேன்.

19 ஆண்டுகள் ஒரே தோழியுடன் ஆடியதாக எழுதியிருக்கிறீர்கள். சண்டையே வந்ததில்லையா?
– வாசகி, மேற்கு மாம்பலம்

ஒரே ஒரு முறை. 1991 என்று நினைவு, ஒரு மாவட்டப் போட்டியின் இறுதி. மூன்றாவது செட்டில் எங்களுக்கு மேட்ச் பாயிண்ட், இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி. பந்து நடுவில் வந்தது. உயரமும் இல்லை, வேகமும் இல்லை, தட்டிவிட்டால் போதும். நான் அவள் எடுப்பாள் என்று நின்றேன், அவள் நான் எடுப்பேன் என்று நின்றாள். பந்து இருவருக்கும் நடுவில் குதித்துப் பின்னால் போய் வேலிக் கம்பியில் மோதியது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்த ஆட்டத்தைத் தோற்றோம். வீடு திரும்பும் 29சி பஸ்ஸில் முன்னும் பின்னுமாக வேறு வேறு இருக்கையில் உட்கார்ந்து வந்தோம். நான்கு நாள் பேசவில்லை.

ஐந்தாம் நாள் காலை ஆறு மணிக்கு அவள் பள்ளி மைதானத்தில் ஒரு வாளி நிறையப் பந்துகளோடு நின்றாள். என்னை எதிர்ப்பக்கம் அனுப்பவில்லை, பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். ஒரு மாணவியை எதிரே நிற்கவைத்து நடுவிலேயே பந்து போடச் சொன்னாள். இருவரும் மாறி மாறி “நான்” என்று கத்திக்கொண்டு வெயில் ஏறும்வரை ஆடினோம்.

அவள் இப்போது திருச்சியில் மகன் வீட்டில் இருக்கிறாள். முட்டி வலி, மாடிப்படி ஏற முடிவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் ஒளிபரப்பானால் போனைக் காதில் வைத்தபடியே இருவரும் அவரவர் வீட்டில் பார்ப்போம். யாராவது நடுப்பந்தை விட்டுவிட்டால் அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிடும். பிறகு கேட்பாள், “அன்றைக்கு அது உன் பந்துதானே?”

நான் இடப்பக்கம் நின்றேன். எனக்கு ஃபோர்ஹேண்ட். என் பந்துதான்.